கைப்பேசியில் வீடு தேடுதல்: தகவல் பெருகியது, பொறுப்பு எங்கே?

வீடு தேடுபவருக்கும் வீட்டுக்காரருக்கும் நடுவில் மூன்றாவது ஆள் எதற்கு? வீட்டுச் சந்தை பற்றிய பழைய கேள்விகளில் இது ஒன்று. நாளிதழ்களில் வரி விளம்பரம் பெருகிய காலத்தில் இதற்கு ஒரு விடை கிடைத்தது. வீட்டுக்கு வீடு தொலைபேசி வந்தபோது இன்னொரு விடையும், இணையதளங்கள் வந்தபோது மற்றொரு விடையும் கிடைத்தன. இப்போது கைப்பேசிச் செயலிகள் தங்கள் விடையைச் சொல்கின்றன: வீட்டின் படமும் வாடகையும் இருக்கும் இடமும் உள்ளங்கையிலேயே தெரியும்போது நடுவில் ஆள் வேண்டாம். இந்த விடை எவ்வளவு தூரம் செல்லும் என்பதைப் பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பொருளியல், சமூகவியல், சட்டம் ஆகிய துறைகளிலிருந்து முன்வைக்கப்பட்ட நிலைப்பாடுகளில் முதன்மையான நான்கு இங்கே எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஆய்வுச் சான்றுகளில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வருகிறது. ஆகவே அவற்றை அப்படியே ஏற்காமல், தமிழ்நாட்டின், குறிப்பாகச் சென்னையின், நடைமுறையோடு உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரே வேலைபோலத் தோன்றினாலும் வீடு தேடுவதில் மூன்று வேலைகள் அடங்கியிருக்கின்றன. வீடு எங்கே காலியாக இருக்கிறது என்று கண்டறிவது முதலாவது. சொல்லப்பட்டது உண்மைதானா என்று உறுதிசெய்வது இரண்டாவது. வீட்டுக்காரரின் சம்மதத்தைப் பெறுவது மூன்றாவது. கைப்பேசி முதல் வேலையின் செலவை ஏறக்குறைய இல்லாமலாக்கிவிட்டது. மற்ற இரண்டின் சுமை அவ்வாறு குறைந்ததற்குப் போதிய சான்று இல்லை. முன்பு தரகரோடு ஓரளவு பகிர்ந்துகொள்ளப்பட்ட சுமை, இன்று பெரும்பாலும் தேடுபவரின் தோளில் விழுந்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

செயலிக்கு முந்தைய ஏற்பாடு

சென்னையில் வாடகை வீடு தேடுவது நெடுங்காலம் காலால் செய்யும் வேலையாக இருந்தது. தெருத்தெருவாக நடந்து 'டு லெட்' பலகைகளைப் பார்ப்பது, மளிகைக் கடையிலும் இஸ்திரி வண்டியிலும் விசாரிப்பது, ஞாயிற்றுக்கிழமை வரி விளம்பரங்களில் கோடு போடுவது, கடைசியில் தரகரிடம் போவது என்பதே வழக்கமான வரிசை. 2019இல் திரைக்கு வந்த, தேசிய விருது பெற்ற செழியனின் 'டுலெட்' திரைப்படம், தகவல் தொழில்நுட்ப வேலைகளால் வாடகை ஏறிய 2007ஆம் ஆண்டுச் சென்னையில் இப்படி வீடு தேடி அலையும் ஒரு குடும்பத்தையே கதைக்களமாகக் கொண்டது. வாடகை வீட்டுக்குத் தரகர் பெற்ற கூலி பொதுவாக ஒரு மாத வாடகை. விற்பனையில் அது விலையில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு.

இந்தக் கூலி எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று பிரித்துப் பார்ப்பது பயனுள்ளது. காலி வீடுகளின் பட்டியல் தரகரின் மனத்தில் இருந்தது என்பது வெளிப்படையான காரணம். அதற்கு அப்பால், எந்தத் தெருவில் மழைநீர் நிற்கும், எந்தக் கட்டடத்தில் கோடையில் லாரித் தண்ணீர் வாங்க வேண்டியிருக்கும், எந்த வீட்டுக்காரர் முன்பணத்தைத் திருப்பித்தர இழுத்தடிப்பார் என்ற அறிவும் அவரிடம் இருந்தது. இரு தரப்பையும் அறிந்தவர் என்ற முறையில் ஒருவருக்காக மற்றவரிடம் பேசவும் செய்தார். இவற்றை அவர் எப்போதும் நேர்மையாகச் செய்தார் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அதே பேட்டையில் மறுநாளும் பிழைப்பு நடத்த வேண்டியவர் என்பதால் அவருடைய பொய்க்கு ஓர் எல்லை இருந்தது.

இந்த ஏற்பாட்டின் மேல்தான் தளங்கள் வந்து அமர்ந்தன. 99ஏக்கர்ஸ் 2005இலும் மேஜிக்பிரிக்ஸ் 2006இலும் தொடங்கின. ஐஐடி மும்பை மாணவர்கள் 2012இல் தொடங்கிய ஹவுசிங்.காம், வரைபடத்தின் மீது வீடுகளைக் காட்டும் முறையை முன்னிறுத்தியது. 2014இல் பெங்களூருவில் தோன்றிய நோபுரோக்கர், தரகரை விலக்குவதைத் தன் பெயரிலேயே அறிவித்தது. 2016 செப்டம்பரில் ஜியோ சேவை வந்ததைத் தொடர்ந்து இணையத் தரவின் விலை சரிந்தபின், மேசைக் கணினியில் நடந்துவந்த தேடல் பெருமளவில் கைப்பேசிக்கு இடம்பெயர்ந்தது.

முதல் நிலைப்பாடு: தகவல் மலிந்தால் சந்தை சீராகும்

இந்த நிலைப்பாட்டின் வேர் ஜார்ஜ் ஸ்டிக்ளர் 1961இல் எழுதிய, தகவலின் பொருளியல் பற்றிய கட்டுரையில் இருக்கிறது. ஒரே பொருள் ஒரே ஊரில் பல விலைகளில் விற்கப்படுவதற்குக் காரணம், விலையை விசாரிக்க நேரமும் பணமும் செலவாவதே என்று அவர் விளக்கினார். தேடும் செலவு குறைந்தால் விலை வேறுபாடும் குறைய வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் முடிவு. கைப்பேசிக்கு இது பொருந்துவதை மிகத் தெளிவாகக் காட்டிய ஆய்வு நமக்குப் பக்கத்திலேயே நடந்தது. 1997 முதல் 2001 வரை வட கேரளக் கடற்கரைக்குக் கைப்பேசிச் சேவை படிப்படியாக வந்தபோது மத்திச் சந்தைகளில் ஏற்பட்ட மாற்றத்தை ராபர்ட் ஜென்சன் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார். கடலிலிருந்தபடியே துறைமுக விலையை விசாரிக்க முடிந்ததும் சந்தைகளுக்கு இடையிலான விலை வேறுபாடு சுருங்கியது. விற்காமல் கொட்டப்படும் மீன் ஏறக்குறைய இல்லாமல் போனது. மீனவர் லாபம் சுமார் 8 சதவீதம் உயர, நுகர்வோர் கொடுத்த விலை சுமார் 4 சதவீதம் குறைந்தது.

வீட்டுச் சந்தையிலும் இதற்கு இணையான பயன்கள் இல்லாமலில்லை. கோயம்புத்தூரிலிருந்து சென்னைக்கு வேலைமாறி வருபவர், பெரும்பாக்கத்துக்கும் பெரம்பூருக்கும் உள்ள வாடகை வேறுபாட்டை ரயில் ஏறுவதற்கு முன்பே அறிந்துகொள்கிறார். ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்று வீடுகள் வாடகைக்கு இருந்தால் பேரம் பேச ஆதாரம் கிடைக்கிறது. இவை மெய்யான ஆதாயங்கள்; அதிகமும் வெளியூர்க்காரருக்குக் கிடைப்பவை.

ஆனால் மீனிலிருந்து வீட்டுக்குத் தாவும்போது வாதம் மூன்று இடங்களில் தடுக்கிறது. ஒரு கூடை மத்திக்கும் இன்னொரு கூடைக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஒரே மாடியில் எதிரெதிரே உள்ள இரண்டு வீடுகளுக்குக் காற்றிலும் வெளிச்சத்திலும் தண்ணீரிலும் வேறுபாடு உண்டு. விலை கூடிய துறைமுகத்துக்குப் படகைத் திருப்பலாம். வீட்டை நகர்த்த முடியாது. மீன் வாங்குபவர் நாளையும் வாங்குவார், ஏமாந்தால் பாடம் கற்பார். மனை வாங்குபவர் பெரும்பாலும் வாழ்நாளில் ஓரிரு முறையே வாங்குகிறார். ஆகவே தகவலின் அளவை மட்டும் கொண்டு சந்தையின் தரத்தை அளக்க முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்திய நகரங்களில் சுமார் 1.1 கோடி வீடுகள் பூட்டிக்கிடந்ததாகக் காட்டியது. அவற்றை ஆள்கள் கண்டறிய முடியாததால் மட்டுமே பூட்டியிருந்தன என்று கருத இடமில்லை. குடியிருப்பவர் காலிசெய்ய மறுப்பார் என்ற அச்சம், வாடகையால் கிடைக்கும் சொற்ப வருமானம் ஆகியவையும் அடிக்கடி சொல்லப்படும் காரணங்கள். செயலி தொடாத காரணங்கள் அவை.

இரண்டாம் நிலைப்பாடு: இடையாள் மறைவதில்லை, உருமாறுகிறார்

முதல் நிலைப்பாட்டின் கணிப்பு சரியென்றால், விளம்பரங்கள் அனைத்தும் இணையத்தில் கிடைக்கும் நாடுகளில் முகவர்கள் அருகியிருக்க வேண்டும். அமெரிக்காவில் நேர்மாறாக நடந்திருக்கிறது. அங்குள்ள தேசிய வீட்டு முகவர் சங்கத்தின் ஆய்வுகளின்படி, முகவர் வழியாக வீடு வாங்கியோர் 2001இல் 69 சதவீதம். அண்மை ஆண்டுகளில் அது 90 சதவீதத்தை நெருங்கியிருக்கிறது. சங்கத்தின் சொந்தக் கணக்கு என்பதால் சற்று ஐயத்தோடு ஏற்க வேண்டியதுதான் என்றாலும், போக்கின் திசை தெளிவானது. கட்டணம் குறையாமல் இருந்ததற்குப் போட்டியைக் கட்டுப்படுத்திய விதிகள் காரணம் என்று வழக்குகள் தொடரப்பட்டு, 2024இல் அச்சங்கம் 41.8 கோடி டாலர் தர உடன்பட்டதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இடையாள் நிலைத்திருப்பதற்கு அவருடைய பயன் மட்டுமின்றி அவருடைய அமைப்புப் பலமும் காரணமாக இருக்கலாம்.

முகவரின் தகவல் பலம் எவ்வளவு மதிப்புடையது என்பதை ஸ்டீவன் லெவிட்டும் சாட் சைவர்சனும் 2008இல் வெளியிட்ட ஆய்வு அளந்து காட்டியது. முகவர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது, பிறருக்காக விற்பதைவிட சுமார் 9.5 நாள் கூடுதலாகக் காத்திருந்து, சுமார் 3.7 சதவீதம் கூடுதல் விலை பெற்றார்கள். வாடிக்கையாளரின் நலனும் முகவரின் நலனும் ஒன்றல்ல என்பதற்கு இது வலுவான சான்று. மறுபுறம், விஸ்கான்சினின் மேடிசன் நகரில் உரிமையாளர்களே நேரடியாக விற்கும் தளத்தை ஹெண்டல், நேவோ, ஓர்ட்டலோ-மான்யே ஆகிய மூவர் ஆராய்ந்து 2009இல் வெளியிட்டனர். நேரடியாக விற்றவர்களுக்கு விலை குறையவில்லை, கமிஷனும் மிச்சமானது. ஆனால் விற்க நாள் கூடியது, ஒரு பகுதியினர் இடையிலேயே முகவரிடம் திரும்பிவிட்டனர். இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைப்பது இதுதான்: இடையாளைத் தவிர்ப்பதில் பணம் மிச்சமாகிறது, அதற்கு விலையாக நேரமும் உழைப்பும் போகின்றன.

தமிழ்நாட்டு நிலவரத்துக்கு இந்த விளக்கம் நன்கு பொருந்துகிறது. கமிஷன் வேண்டாம் என்ற தளங்கள் உரிமையாளரிடமும் குடியேறுபவரிடமும் சந்தாத் திட்டங்களை விற்கின்றன; வாடகை ஒப்பந்தம், சாமான் மாற்றுதல், வண்ணம் பூசுதல் போன்ற சேவைகளிலும் வருமானம் தேடுகின்றன. வேறு சில தளங்களில், தேடுபவர் தன் எண்ணைப் பதிந்த கணமே அது 'லீட்' என்ற பெயரில் முகவர்களுக்கும் கட்டுமான நிறுவனங்களுக்கும் போய்ச் சேர்கிறது. அதன்பின் அழைப்புகள் ஓய்வதில்லை. தரகர்களும் செயலிக்கு வெளியே நின்றுவிடவில்லை. வாட்ஸ்அப் குழுக்களிலும் யூடியூப் காணொளிகளிலும் மனை காட்டுகிறார்கள். தளங்களில் உரிமையாளர் என்ற பெயரிலேயே விளம்பரம் இடுவோரும் உண்டு. கமிஷன் வீடு முடிந்த பிறகு கொடுக்கப்பட்டது. சந்தா வீடு கிடைக்கும் முன்பே கட்டப்படுகிறது. வேலை முடிந்தால்தான் கூலி என்ற பழைய நிபந்தனை இதனால் தளர்ந்திருக்கிறது.

மூன்றாம் நிலைப்பாடு: பெருகிய தகவல், தேயும் நம்பகம்

மூன்றாவது நிலைப்பாடு திரையிலிருந்தே தொடங்குகிறது. அனிந்த்ய கோஸ், ஏவி கோல்ட்ஃபார்ப், சாங் பில் ஹான் ஆகியோர் கைப்பேசி இணையத்தையும் கணினி இணையத்தையும் ஒப்பிட்டு 2013இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு முடிவுகள் கிடைத்தன. கைப்பேசியில் பட்டியலின் மேலே இருப்பதற்குக் கிடைக்கும் சாதகம் கணினியைவிட அதிகம். பக்கத்தில் உள்ள இடங்களை நாடும் போக்கும் அதிகம். வீட்டுத் தேடல் குறித்த ஆய்வாக அது இல்லாவிட்டாலும், வீட்டுத் தேடலுக்கு அதன் பொருள் தெளிவு. சிறிய திரையில் விரலால் தள்ளிக்கொண்டே போகும் ஒருவர் முதல் சில விளம்பரங்களைத் தாண்டுவது அரிது. முதலிடம் பணம் கட்டியவருக்குப் போகும் தளத்தில், ஆயிரம் வீடுகள் இருந்தும் தேடுபவர் காண்பது வேறொருவர் தேர்ந்து வைத்த சிலவற்றையே. தெருவில் தொங்கும் 'டு லெட்' பலகைக்கு இந்த வரிசை கிடையாது.

இணையத்தால் தேடும் காலம் சுருங்கும் என்ற எதிர்பார்ப்பும் தொடக்கத்திலேயே கேள்விக்குள்ளானது. சும்பானோ, ஜான்சன், ஆண்டர்சன் ஆகியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வு, இணையத்தைப் பயன்படுத்திய அமெரிக்கர்கள் கூடுதலான வீடுகளைப் பார்த்தார்கள், ஆனால் தேடிய காலம் குறையவில்லை என்ற முடிவுக்கு வந்தது. கைப்பேசி அதே போக்கை நாள் முழுவதற்கும் நீட்டியிருக்கக்கூடும்.

இதைவிட ஆழமான சிக்கல் 1970இல் ஜார்ஜ் அகெர்லாஃப் பழைய கார்ச் சந்தையை வைத்து விளக்கியது. விற்பவருக்குப் பொருளின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது என்ற நிலையில், நல்ல பொருளுக்கும் மோசமான பொருளுக்கும் ஒரே விலை கேட்கப்பட்டு, நல்ல பொருள் சந்தையைவிட்டு விலகுகிறது. விளம்பரம் இடும் செலவு சுழியமாகும்போது பொய்யான விளம்பரத்தின் செலவும் சுழியமாகிறது. எப்போதோ வாடகைக்குப் போன வீடு ஆள் பிடிப்பதற்காகவே திரையில் நீடிக்கிறது. 'சூப்பர் பில்ட்-அப்' பரப்பைச் சொல்லிவிட்டு உள்ளே புழங்கும் பரப்பை மறைப்பதும், நிலத்தில் கிடைக்கும் பிரிக்கப்படாத பங்கைச் சொல்லாமல் விடுவதும் சாதாரணம். ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி, வீட்டை நேரில் பார்க்காமலேயே முன்பணம் அனுப்புவதாகக் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யவைத்து உரிமையாளரின் கணக்கிலிருந்தே பணம் பறிக்கும் மோசடி நாடு முழுவதும் காவல்துறை எச்சரித்துவரும் ஒன்று. சென்னையில் ஒருவர் வாடகைக்கு எடுத்த வீட்டை உரிமையாளருக்குத் தெரியாமல் இன்னொருவருக்குப் போக்கியத்துக்கு விட்டு லட்சக்கணக்கில் சுருட்டுவது பழைய மோசடி. செயலி அதற்கு எளிதாக ஆள் சேர்த்துத் தருகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வேளச்சேரியும் பட்ட பாடு ஊரறிந்தது. ஆயினும் பளிச்சென்று எடுத்த கூடத்தின் படம் அந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று சொல்லாது.

உறுதிசெய்வது இயலாத வேலை என்பதல்ல இதன் பொருள். அது செலவு பிடிக்கும் வேலை. ஹவுசிங்.காம் தன் தொடக்க ஆண்டுகளில் ஆள்களை நேரில் அனுப்பி வீடுகளைப் பார்த்துப் படமெடுக்க வைத்தது. அத்தகைய உழைப்பு, விளம்பரத்தை இலவசமாக வாங்கிப் போடும் தளங்களோடு விலையில் போட்டியிடுவது கடினம். அந்த நிறுவனம் 2017இல் மற்றொரு மனைத் தளமான பிராப்டைகரோடு இணைக்கப்பட்டது. தரவை மட்டும் நம்பும் மாற்று வழியின் எல்லையை அமெரிக்காவின் ஜில்லோ காட்டியது. வீடுகளின் விலையைக் கணினிக் கணிப்பால் மதிப்பிடுவதில் பெயர்பெற்ற அந்நிறுவனம், 2018இல் தானே வீடுகளை வாங்கி விற்கத் தொடங்கி, விலைகளைக் கணிக்க முடியவில்லை என்று 2021 நவம்பரில் அத்தொழிலை மூடுவதாக அறிவித்தது.

நான்காம் நிலைப்பாடு: கதவு யாருக்குத் திறக்கிறது

மேற்கண்ட மூன்று நிலைப்பாடுகளும் வீட்டைப் பற்றிய தகவலைப் பேசுகின்றன. சமூகவியலாளர்கள் எழுப்பும் கேள்வி குடியேறுபவரைப் பற்றிய தகவல் சார்ந்தது. சுகதேவ் தோரட்டும் உடனாய்வாளர்களும் தில்லி வட்டாரத்தில் நடத்தி 2015இல் எக்கனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லியில் வெளியிட்ட ஆய்வு, தொலைபேசியிலும் நேரிலும் வீடு கேட்டுப் பார்த்து, தலித்துகளும் முஸ்லிம்களும் மறுக்கப்படுவதையும், கிடைத்தாலும் கூடுதல் வாடகைக்கோ கூடுதல் நிபந்தனைக்கோ உட்படுவதையும் பதிவுசெய்தது. தமிழ்நாட்டில் 'சைவம் மட்டும்', 'குடும்பத்துக்கு மட்டும்' என்ற சொற்கள் வரி விளம்பரக் காலத்திலிருந்தே அறியப்பட்டவை. இவற்றில் முன்னது உணவைப் பற்றியதுபோல் இருந்தாலும் சாதியையும் மதத்தையும் வடிகட்ட உதவுகிறது என்பது மறுக்கக் கடினமான விமர்சனம்.

செயலி இந்தப் பழக்கத்தைக் கரைக்குமா, கெட்டிப்படுத்துமா? கரைக்கும் என்பவர்கள், முகம் பார்க்காமல் விசாரிக்க முடிவதைச் சுட்டுகிறார்கள். ஆனால் பெயர் ஒன்றே போதும் என்பதற்கு ஏர்பிஎன்பி தளத்தில் எடல்மன், லூக்கா, ஸ்விர்ஸ்கி நடத்திய சோதனை சான்று. 2017இல் வெளியான அதில், ஆப்பிரிக்க அமெரிக்கர்களுக்கே உரிய பெயர்களோடு அனுப்பிய கோரிக்கைகள் ஏற்கப்படுவது ஏறத்தாழ 16 சதவீதம் குறைவாக இருந்தது. விளம்பரத்தை யாருக்குக் காட்டுவது என்பதிலேயே பாகுபாடு புகலாம் என்பதைப் பேஸ்புக் மீதான வழக்கு காட்டியது. வீட்டு விளம்பரங்களை இனம் முதலிய அடிப்படையில் சிலருக்குக் காட்டாமல் விட இடமளித்ததாக 2019இல் அமெரிக்க வீட்டுவசதித் துறை குற்றம்சாட்டியது. 2022இல் நீதித் துறையோடு உடன்பாடு ஏற்பட்டது. அங்கே 1968ஆம் ஆண்டின் நியாய வீட்டுவசதிச் சட்டம் இருந்ததால்தான் கேள்வி கேட்க முடிந்தது. இந்தியாவில் தனியார் வாடகையில் பாகுபாட்டை நேரடியாகத் தடுக்கும் அத்தகைய தனிச்சட்டம் இல்லை. பார்சிகளுக்கு மட்டும் என்ற கூட்டுறவு வீட்டுச் சங்க விதியை 2005இல் உச்ச நீதிமன்றம் செல்லுமென்றே தீர்ப்பளித்தது.

இந்த நிலைப்பாட்டின் குறை, இந்தியச் செயலிகளைக் குறித்த அளவீடுகள் போதாமை. பாகுபாடு கூடியது என்றோ குறைந்தது என்றோ அடித்துச் சொல்ல இப்போது இயலாது. ஒன்றை மட்டும் சொல்லலாம்: தரகரின் 'அவர்கள் தர மாட்டார்கள்' என்ற பதில் காதில் விழுந்தது, செயலியில் பதிலே வராத மௌனத்துக்குக் காரணம் கேட்க வழியில்லை. இணையத்தில் இடம்பெறாத வட்டாரங்கள் தேடலிலிருந்தே மறைவதும் இதன் இன்னொரு முகம். அமெரிக்க விளம்பரத் தளமான கிரெய்க்ஸ்லிஸ்டின் வாடகை விளம்பரங்களை ஆராய்ந்த ஜெஃப் போயிங், வசதியும் கல்வியும் மிகுந்த வெள்ளையர் பகுதிகளே அங்கு மிகையாக இடம்பெறுவதைக் காட்டினார்.

சட்டமும் பொது ஆவணங்களும்

மனைவணிக ஒழுங்குமுறைச் சட்டம் 2016இல் நிறைவேறி, 2017இல் தமிழ்நாட்டில் ஆணையம் அமைய வழிசெய்தது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலப்பரப்போ எட்டுக்கு மேற்பட்ட வீடுகளோ கொண்ட திட்டத்தைப் பதிவுசெய்யாமல் விளம்பரம் செய்யக்கூடாது என்பதும், முகவர்கள் பதிவுபெற வேண்டும் என்பதும், பொய் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டியவருக்கு இழப்பீடு உண்டு என்பதும் அதன் முக்கியக் கூறுகள். எந்த ஊடகம் வழியாக வாங்குபவரையும் விற்பவரையும் அறிமுகப்படுத்தினாலும் முகவரே என்று அதன் வரையறை விரிகிறது. ஆனால் கைமாறும் பழைய வீடுகளும் வாடகையும் பெரிதும் இச்சட்டத்தின் பிடிக்கு வெளியே இருக்கின்றன. வாடகைக்கென 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும் என்றது. முன்பணத்துக்கு மூன்று மாத வாடகை என்ற அளவையும் வைத்தது. பத்து மாத முன்பணம் கேட்கும் பழக்கமோ தெருவிலிருந்து திரைக்கு வந்துவிட்டது.

மறுபக்கம், மாநில அரசு ஆவணங்களைத் திறந்துவிட்டிருக்கிறது. வில்லங்கச் சான்றையும் வழிகாட்டி மதிப்பையும் பதிவுத்துறைத் தளத்திலும், பட்டா, அ-பதிவேடு முதலியவற்றை வருவாய்த்துறைத் தளத்திலும் கைப்பேசியிலேயே பார்க்கலாம். அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்ததும், பின்னர் வரன்முறைத் திட்டம் வந்ததும், இந்த ஆவணங்களைப் பார்க்காமல் மனை வாங்குவதன் ஆபத்தை ஊரறியச் செய்தன. இந்த இடத்தில்தான் இக்கட்டுரையின் மைய முரண் வெளிப்படுகிறது. ஆவணங்களைத் திறக்கக் கிராமப் பெயரும் சர்வே எண்ணும் வேண்டும். விளம்பரங்களில் பொதுவாக இல்லாதவை அவைதான். ஒரு கையில் விளம்பரமும் மறு கையில் அரசு ஆவணமும் இருந்தும், இரண்டையும் இணைக்கும் எண் மறைக்கப்பட்டிருக்கிறது.

எதிர்வாதங்கள்

இதற்கு மூன்று மறுப்புகள் எழலாம். முதலாவது, பழைய தரகரும் பொய் சொன்னவர்தானே, செயலியை மட்டும் ஏன் குறைகூற வேண்டும் என்பது. நியாயமான மறுப்பு. தரகர் காலத்தைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. அவருடைய பொய்களையும் சாதிக் கணக்கையும் பலர் சுமந்தார்கள். கேள்வி இரண்டில் எது மேல் என்பதைவிட, பொறுப்பு யாரிடம் நிற்கிறது என்பதே. தரகரைத் தேடிப் போய்க் கேட்க முடிந்தது. தளமோ விளம்பரத்தின் உண்மைக்குத் தான் பொறுப்பல்ல என்று விதிமுறைகளில் எழுதிவிட்டு, தகவல் தொழில்நுட்பச் சட்டம் இடைநிலையாளர்களுக்குத் தரும் பாதுகாப்பை நாடலாம்.

இரண்டாவது மறுப்பு, 'சரிபார்க்கப்பட்டது' என்ற முத்திரை, காணொளிச் சுற்று, செயற்கை நுண்ணறிவு ஆகியவை இக்குறையைத் தீர்க்கும் என்பது. ஓரளவு தீர்க்கலாம். ஆயினும் முத்திரை எதைச் சரிபார்த்ததைக் குறிக்கிறது என்பது தளத்துக்குத் தளம் மாறலாம். தொலைபேசி எண்ணைச் சரிபார்ப்பது உரிமையைச் சரிபார்ப்பது ஆகாது. படத்தை மெருகேற்றும் கருவிகள் உண்மையைக் காட்டவும் மறைக்கவும் ஒருசேரப் பயன்படுபவை.

மூன்றாவது மறுப்பே வலுவானது. கதவு எண்ணையும் சர்வே எண்ணையும் எல்லாருக்கும் காட்டினால் தனியாக வாழும் முதியவருக்கும், வீட்டைப் பூட்டிவைத்துவிட்டு வெளிநாட்டில் வாழ்பவருக்கும் ஆபத்து; போலிப் பத்திரம் தயாரிப்பவர்களுக்கு அது வசதி. இதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் எண்ணைப் பொதுவில் காட்டுவதும், தளத்திடம் கொடுத்துச் சரிபார்க்கச் செய்வதும் வேறு வேறு. உரிமையாளர் பெயர் பட்டாவோடு பொருந்துகிறது என்ற குறிப்பை மட்டும் தளம் வெளியிட்டு, எண்ணை நேரில் பார்க்க வருபவருக்குத் தரலாம். புதிய திட்டங்களுக்கு மகாராஷ்டிர ஆணையம் 2023 ஆகஸ்ட் முதல் விளம்பரத்தில் க்யூஆர் குறியீட்டைக் கட்டாயமாக்கியது. ஸ்கேன் செய்தால் திட்டத்தின் பதிவு விவரம் திறக்கும். விளம்பரத்தையும் ஆவணத்தையும் இணைப்பது நடைமுறையில் இயலும் என்பதற்கு இது போதிய முன்னுதாரணம்.

மதிப்பீடு

நான்கு நிலைப்பாடுகளும் ஒன்றையொன்று முற்றாக மறுப்பவை அல்ல. வீடு தேடுதலின் வெவ்வேறு வேலைகளைப் பற்றிப் பேசுகின்றன. கண்டறிதலைப் பொறுத்தவரை முதல் நிலைப்பாடு பெரிதும் சரி. உறுதிசெய்தலைப் பொறுத்தவரை இரண்டாவதும் மூன்றாவதும் கூடுதல் வலுவுள்ளவை. சம்மதம் பெறுவதில் நான்காவது எழுப்பும் கேள்விக்கு இந்தியத் தரவுகளைக் கொண்டு விடைகாணும் வேலை இன்னும் மிச்சமிருக்கிறது. சிறுநகரங்களில் வாட்ஸ்அப் வழியாக நடக்கும் தேடல், பட்டியல் வரிசையைத் தீர்மானிக்கும் முறை, சந்தாக் கட்டணத்துக்கு ஈடான பயன் கிடைக்கிறதா என்பது ஆகியவையும் திறந்த கேள்விகளே.

இப்போதைக்கு எட்டக்கூடிய முடிவு இது: கைப்பேசி தரகு வேலையின் எளிய பகுதியை எடுத்துக்கொண்டு, கடினமான பகுதியைத் தேடுபவரிடம் விட்டிருக்கிறது. இதைச் சீராக்கப் புதிய தொழில்நுட்பம் தேவையில்லை. விற்பனை விளம்பரத்தில் ஆணையப் பதிவெண்ணோ பட்டாவோடு பொருந்தியதற்கான குறிப்போ இருக்க வேண்டும், வாடகை விளம்பரத்தில் முன்பணமும் உள்பரப்பும் சொல்லப்பட வேண்டும், பணம் கட்டி மேலே வந்த விளம்பரம் எது என்று தெரிய வேண்டும் என்ற மூன்று விதிகளை அரசு வகுத்தாலே பொறுப்பின் ஒரு பகுதி தளங்களிடம் திரும்பும். அதுவரை தேடுபவர்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு: வீட்டை நேரில் பார்த்து, வில்லங்கச் சான்றையும் உரிமையாளரின் அடையாளத்தையும் ஒப்பிட்ட பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும். ஏமாற்றப்பட்டால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.